மனு எண் 4417

கிளைபெதா துறைமுகத்தில் எனக்கு வேலை
அடிபட்டவற்றைப் படமெடுப்பது.
கதவு, பம்பர், ஒழுகிய கூரை,
ஒருமுறை பாதி எரிந்த பியானோ.
காப்பீட்டு நிறுவனத்துக்கு விதி ஒன்றுதான்:
படத்தைத் தொடாதே.
ஒரு புள்ளி நகர்ந்தாலும் மோசடி.

பகலெல்லாம் நான்
கையைக் கட்டிக்கொண்டிருக்கும் கண்.

இரவு பத்துக்கு மேல்
நகலெடுத்து வைத்ததைத் திறப்பேன்.
(நகலெடுப்பதும் விதிமீறல்தான். தெரியும்.)
கணினியின் விசிறி இரைய
ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினால்
நொறுங்கிய முகப்பு விளக்கு மகரந்தமாகப் பறக்கும்.
நேரான விரிசலை வட்டமாகச் சுருட்டினால்
கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.
கூரைக் கறையின்மேல் பனியை ஒரு லேயராகப் போர்த்தி
முப்பது சதவீதம் மங்கவிட்டால்
உள்ளே ஏதோ மூச்சுவிடும்.

பாதிக்குமேல் குப்பை.
பொத்தானை அமுக்கியதும் வரும் அழகு
சந்தையில் சாயம் தோய்த்து விற்கும் கோழிக்குஞ்சு;
விடிந்தால் வெளுத்துவிடும்.
வாரக்கணக்கில் அழித்தேன்.
பிப்ரவரியில் ஒன்று தங்கியது.

மனு எண் 4417. நீல வேனின் பின்கதவு.
மேலிருந்து கீழாக
ஒரே ஒரு புள்ளி அகலத்தில் கீற்றொன்றை வெட்டி
இரு முனையும் பிடித்து
திரை முழுக்க இழுத்தேன்.
மேலே வானம்.
கீழே அதைவிடக் கனத்த நீலம்.
நடுவே துருவின் ஆரஞ்சு, அடங்கும் சூரியன்.
அதற்கும் அடியில் மயிரிழை வெள்ளை.
கையை எடுத்துவிட்டேன்.

"ஸ்கிர்மாந்தே, சுவர் சும்மாதானே இருக்கு, மாட்டு"
என்றாள் ரொட்டிக்கடை யுர்கா.
டானெ ஆற்றோரம், அடுப்புச் சூட்டில்,
பதினோரு படங்கள்.
விலையைப் பென்சிலில் எழுதினேன்,
வெட்கமாக இருந்தால் அழிக்கலாம் என்று.

மூன்றாம் நாள் ஒருவர்
அக்குளில் கறுப்பு ரொட்டியோடு
கடல் முன் நின்றார். நகரவில்லை.
"இது என் வண்டி."
கடல் என்றேன்.
"இந்த நீலம் எந்தக் கடையிலும் கிடைக்காது.
தம்பி படகுக்கு அடித்ததில் மிச்சம் ஒரு டப்பா,
மகள் தொட்டிலுக்கு அடித்ததில் மிச்சம் அரை.
நான்தான் உடைந்த துடுப்பால் கலக்கினேன்."

கிந்தவுதாஸ். மீன் வண்டி.
துறைமுக வாயில் கம்பி உரசிவிட்டது என்று
பணம் கேட்டிருந்தார்.
துரு பழையது, ஆகவே காயமும் பழையது:
நான் எழுதிய அந்த ஒரு வரியில்
மனு படுத்துவிட்டது.

"துரு எங்கே?"
சூரியனைக் காட்டினேன்.
ரொட்டியை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார்.
"அங்கே துரு. இங்கே சூரியனா."
கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.
"அப்போ இந்த வெள்ளை?"
"நுரை" என்றேன்.
சொல்லும்போதே நாக்கு தடுக்கியது.

அன்றிரவு கோப்பைத் திறந்து
பதினான்கு லேயர்களின் ஓரத்திலும் இருக்கும்
குட்டிக் கண் பொத்தான்களை
ஒவ்வொன்றாக மூடினேன்.
கண் மூட மூடக் கதவு தெரிந்தது.
துருவுக்குக் கீழே, வேறொரு கோடு.
நேரில் குனிந்து பார்த்து,
பார்த்தேன் என்று கையெழுத்தும் போட்ட இடம்.
அங்கே இரும்பு பளிச்சென்று இருந்தது,
உரிந்து ஒரு நாள்கூட ஆகாத இரும்பு.
துரு அப்படி மினுங்காது.
இது எனக்குத் தெரியும். ஒன்பது வருட வேலை.

மனுவை மறுபடி திறந்தேன்.
'மறுபரிசீலனைக்கான காரணம்' என்றொரு கட்டம்.
நுரை
என்று அடித்தேன்.
இருபது எழுத்துக்குக் குறையக் கூடாது
என்றது படிவம்.